வண்ணத்துப் பூச்சியும் வாய்மைக் கணக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற இதழில் இளைஞர் பக்கம் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்ததைக் கண்டு நேயர்கள் பலர் நம்மைக் கேட்டார்கள். "அச்சகத்தார் படத்தைப் போட மறந்து விட்டார்களா?" என்றார் ஒருவர். "தாளுக்குத் தட்டுப்பாடு இல்லையே, ஏன் இப்படிக் காலியாக விட்டீர்கள்?" என்றார் இன்னொருவர். அச்சகத்தார் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியும், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே "ஒன்றுமில்லை" என்ற சொல்லும் மட்டுமே அச்சாகியிருந்தன. அப்படி அச்சிட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நமது சங்கத்து இளைஞர்கள் சில ஆண்டுகளாக ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றனர். ஞாயிறுதோறும் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், ஆளுக்கொரு கோப்பியைக் குடித்து விட்டு, வேனில் ஏறி, ஈப்போவுக்குத் தெற்கே கோப்பேங், பத்து காஜா வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களுக்குப் போகின்றனர். அங்கே வண்ணத்துப் பூச்சிகளைத் தேடிப் படம் பிடித்து, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னது கண்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகின்றனர். மீசை முளைத்த பிள்ளைகளுக்கு இது என்ன விளையாட்டு என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததுண்டு. நாமும் ஆரம்பத்தில் அவ்வாறு எண்ணியவர்தாம். கடைத்தெருவில் நின்று பொழுதைக் கழிப்பதினும் இது தேவலை என்று துணைக்குப் போகத் தொடங்கினோம். போகப் போக, அவர்களைக் காட்டிலும் நமக்கே பித்து அதிகமாயிற்று.

கழிந்த ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பஞ்ச ஆண்டு. முன்னெல்லாம் உண்ணிச்செடிப் புதர் ஒன்றின் முன் கால் மணி நேரம் நின்றால் போதும். மஞ்சளும் வெள்ளையும் கருநீலமுமாக வந்து மொய்க்கும். மழை விட்ட மறுநாள் செம்மண் பாதையில் ஈரம் உறிஞ்சக் கூட்டமாக அமர்ந்திருக்கும். கழிந்த ஆண்டு, விடியற்காலை தொடங்கி வெயில் உச்சிக்கு வரும் வரை நடந்தும், செம்பனை ஓலை மறைவில் வாழும் அந்தப் பழுப்பு நிறப் பூச்சி ஒன்றிரண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத நாட்கள் இருந்தன. அதுவும் படாத நாட்களும் இருந்தன. காமிராவைத் தோளில் மாட்டியபடி போனவர்கள் மாட்டியபடியே திரும்பினார்கள்.

இப்போது நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏடு அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. பக்கம் காலியாக இருந்தது. நாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கொள்ளும் பிள்ளையை அழைத்து, "தம்பி, இரண்டு வருஷத்துக்கு முன் உலு கெரோவில் எடுத்தாயே, அந்த ராஜா புரூக் படம் அழகாக இருந்ததே, அதைப் போட்டு விடு. யார் கேட்கப் போகிறார்கள்?" என்றோம். அவன் சிறிது நேரம் தலையைக் குனிந்து கொண்டிருந்தான். பிறகு, "போடலாம் மாமா. தேதி என்ன போடுவது?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் கேட்டான். குரலை உயர்த்தவில்லை, ஹதீஸ் எதையும் எடுத்துக் காட்டவில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் மேடையில் வாய்மை பற்றிப் பேசிய நமக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. படம் மெய்தான். பூச்சியும் மெய்தான். அதன் அடியில் எழுதப்படும் தேதியில்தான் பொய் புகுகிறது. தேதியே போடாமல் விட்டாலும், இந்த ஆண்டு கண்டதாக நேயர்கள் எண்ணிக் கொள்வார்கள். அப்படி எண்ணட்டும் என்றுதானே நாம் சொன்னோம்?

சகோதரர்களே! பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா நமக்கு விடுக்கும் எச்சரிக்கையை நீங்கள் அறிவீர்கள். எதைப் பற்றி அறிவில்லையோ அதன் பின்னே போகாதே என்கிறான். செவி, கண், உள்ளம் ஆகிய மூன்றும் விசாரணைக்கு உள்ளாகும் என்கிறான். செவியும் உள்ளமும் விசாரிக்கப்படுவதைப் பற்றி ஆலிம்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். கண்ணைப் பற்றிப் பேசும்போது, பார்க்கத் தகாததைப் பார்த்த குற்றத்தோடு நாம் நின்று விடுகிறோம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதும் கண்ணின் பெயரால் செய்யும் குற்றமே. பார்த்தும் எழுதாமல் மறைப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

நமது தகப்பனார் இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தோட்டத்துக் கடை என்றால் எல்லாம் கடன் வியாபாரம். சம்பளம் போட்ட அன்று வசூல். மற்ற நாளெல்லாம் நோட்டில் பற்று. மழை பெய்தால் மங்கில் தண்ணீர் நிறையும். பால் வெட்டு நிற்கும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பருவத்திலும் பால் குறையும்; கையில் காசு குறையும். அந்த நாட்களில் அத்தா இரவு சிட்டை எழுதும்போது ஒரு தேதியையும் விட்டதில்லை. "மழை. வெட்டு இல்லை. வியாபாரம் இல்லை" என்று எழுதி, கீழே கோடு இழுத்து விட்டுத்தான் படுப்பார். "ஒன்றும் நடக்காத நாளுக்கு எதற்கு அத்தா தாளை வீணாக்குகிறீர்கள்?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறோம். சிரிப்பாரே தவிரப் பதில் சொன்னதில்லை.

அதன் பதில் அவர் மவுத்தான பிறகு கிடைத்தது. கடையில் பங்கு வைத்திருந்த உறவினர் குடும்பத்தோடு கணக்குத் தீர்க்க ஜமாஅத்துப் பெரியவர்கள் மூவர் உட்கார்ந்தார்கள். இலாபம் மறைக்கப்பட்டதோ என்ற ஐயம் அந்தக் குடும்பத்தாருக்கு இருந்தது. பெரியவர்கள் சிட்டையைப் புரட்டினார்கள். வரிசையாகத் தேதிகள், நடுநடுவே "இல்லை, இல்லை" என்ற வரிகள். மூவரில் மூத்தவர் நோட்டை மூடி வைத்து விட்டு, இல்லாத நாளை எழுதியவன் இருந்த நாளை மறைத்திருக்க மாட்டான் என்றார். விவகாரம் அத்தோடு முடிந்தது. திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை வியாபாரிகளாகிய நாம் மறக்கலாகாது. சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பாதீர் என்றும் அங்கே கட்டளை இருக்கிறது.

நிற்க.

பூச்சிக் கணக்குக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் நாட்டு வண்ணத்துப் பூச்சிகளை வைத்தே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அது நம்மவருக்கு அதிகம் தெரியாதது.

ஸ்டீவன் கார்பெட் என்ற ஆங்கிலேயர் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர். மண்ணை ஆராய்வது அவர் தொழில். பூச்சி சேர்ப்பது அவர் ஆசை. அவரும் பெண்டில்பரி என்பவரும் சேர்ந்து எழுதிய மலாய்த் தீபகற்ப வண்ணத்துப் பூச்சி நூல் 1934-ல் கோலாலம்பூரில் வெளிவந்தது. பின்னால் எலியட் என்பவர் திருத்திய அதன் நான்காம் பதிப்பை 1992-ல் மலாயா இயற்கைச் சங்கம் வெளியிட்டது. தீபகற்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டென்று சொல்லும் அந்தப் புத்தகத்தைத்தான் நம் பிள்ளைகளும் வேனில் எடுத்துப் போகிறார்கள். (கார்பெட் துரை பூச்சி பிடித்த காலத்தில் ரப்பர் மரத்தடியில் உளி பிடித்தவர்கள் யாரென்று எந்தப் புத்தகமும் பெயர் சொல்லவில்லை. அது வேறு கதை.)

கார்பெட் சேர்த்த பூச்சிகளில் 620 வகைகள் இருந்தன. அவர் வெறும் வகைகளை எண்ணியதோடு விடவில்லை. எந்த வகை எத்தனை முறை கிடைத்தது என்றும் எழுதி வைத்தார். ஒரே ஒரு முறை கிடைத்தவை 118 வகைகள், இரு முறை கிடைத்தவை 74, மும்முறை 44, நான்கு முறை 24, இப்படியே மேலே போகிறது பட்டியல். இங்கிலாந்து திரும்பிய பின் அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இதே அளவு காலம் மீண்டும் மலாயாவில் அலைந்தால், இதுவரை ஒருமுறைகூடக் காணாத புதுவகைகள் எத்தனை அகப்படும்?

காணாததை எப்படி எண்ணுவது? ரொனால்ட் ஃபிஷர் என்ற பெரும் கணித மேதையிடம் கேள்வி போயிற்று. ஃபிஷரும் கார்பெட்டும் வில்லியம்ஸ் என்பவரும் சேர்ந்து 1943-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குட், டூல்மின் என்ற இருவர் 1956-ல் அந்த வழியை மேலும் எளிதாக்கினார்கள். ஒருமுறை கிடைத்த வகைகளின் தொகையிலிருந்து இருமுறை கிடைத்தவற்றைக் கழி; மும்முறையைக் கூட்டு; நான்கைக் கழி; இப்படியே மாற்றி மாற்றிப் போ. கார்பெட்டின் பட்டியலில் இருபத்து நான்கு முறை கிடைத்தவை வரை இவ்வாறு செய்தால் 75 வருகிறது. இன்னும் ஏறத்தாழ 75 புதுவகைகள் அகப்படும் என்பது அதன் பொருள். நம் பள்ளிவாசல் மதரஸாவில் படிக்கும் ஒரு சிறுவனும் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கக் கூடிய கணக்குதான். 1976-ல் இதே வழியைக் கொண்டு, ஷேக்ஸ்பியர் அறிந்திருந்தும் தம் நூல்களில் எழுதாமல் விட்ட சொற்கள் எத்தனை இருக்கும் என்றுகூடக் கணக்கிட்டார்கள்.

இந்தக் கணக்கு எதன் மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மலை மலையாகக் கிடைத்த சாதாரணப் பூச்சிகளின் மேல் நிற்கவில்லை. ஒரே ஒரு முறை தலைகாட்டி மறைந்த அந்த 118 வகைகளின் மேல்தான் பெரிதும் நிற்கிறது. ஒன்றே ஒன்றுதானே என்று கார்பெட் அவற்றை அலட்சியம் செய்திருந்தால், அல்லது ஒன்றுக்கு இரண்டாக எழுதிப் பெருமை தேடியிருந்தால், கணக்கு முழுதும் கவிழ்ந்து போயிருக்கும்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை. மறைவானதை விஞ்ஞானி கண்டுபிடித்து விட்டார் என்று யாரும் மயங்க வேண்டாம். 75 என்று சொன்ன அவர்கள் அந்த 75-ல் ஒன்றின் நிறத்தையோ, எந்தக் காட்டில் எந்தக் கிளையில் இருக்கிறது என்பதையோ சொல்ல முடியாது. கண்டதைக் கொண்டு காணாததன் அளவை ஊகிப்பது மனிதனுக்கு அருளப்பட்ட அறிவு. காணாததை அதுவாகவே அறிவது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. மறைவானவற்றின் திறவுகோல்கள் அவனிடமே உள்ளன என்றும், உதிரும் இலை எதுவும் அவன் அறியாமல் உதிர்வதில்லை என்றும், ஈரமானதும் உலர்ந்ததும் தெளிவான ஏட்டில் பதிவாகியுள்ளன என்றும் அல் அன்ஆம் அத்தியாயம் கூறும் கருத்தை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ரப்பர்க் காட்டில் நின்றவர்களுக்கு இலை உதிர்வது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காலடியில் கணுக்கால் வரை சருகு. அத்தனையும் கணக்கில் இருக்கிறது. நாமோ ஆறு ஞாயிறுகளின் கணக்கை எழுதத் தயங்கினோம்!

படம் பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிருள்ளவற்றைப் படம் பிடித்தல் கூடுமா என்ற விவாதத்தை ஆலிம்களிடமே விட்டு விடுகிறோம். ஒளி பொருளின் மேல் பட்டுக் கண்ணுக்கு வருவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம். சிறு துளை வழியாக இருட்டறைக்குள் ஒளி புகுந்து உருவம் விழுவதையும் அவர் ஆராய்ந்தார். இது நாம் பெருமைப்படத் தக்கது. ஆனால் காமிரா என்ற சொல்லே அரபியிலிருந்து பிறந்ததென்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது லத்தீன் சொல். மார்க்கத்துக்குப் பெருமை சேர்க்க இல்லாததைச் சொல்வது, பக்கத்தை நிரப்பப் பழைய படத்தைப் போடுவது போன்றதே.

இன்னொரு தேசத்தில் நடந்ததையும் கேளுங்கள். பிரிட்டனில் ஆண்டுதோறும் கோடையில் பொதுமக்கள் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று வண்ணத்துப் பூச்சிகளை எண்ணி அனுப்புகிறார்கள். 2024-ல் வசந்தம் மழையும் குளிருமாகப் போயிற்று. அந்தக் கோடையில் ஒரு கணக்குக்குச் சராசரி ஏழு பூச்சிகளே கிடைத்தன. அதற்கு முந்திய ஆண்டு பன்னிரண்டு. சுமார் 9,000 கணக்குகளில் எழுதப்பட்டிருந்தது வெறும் பூஜ்யம். கால் மணி நேரம் நின்று ஒன்றையும் காணாத ஒருவர் சோர்ந்து போய் அனுப்பாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? கண்டவர்கள் மட்டுமே எழுதியிருப்பார்கள். சராசரி உயர்ந்திருக்கும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்த நாடு தூங்கியிருக்கும். அமெரிக்காவில் 2000 முதல் 2020 வரை வண்ணத்துப் பூச்சிகளின் எண்ணிக்கை 22 சதவிகிதம் குறைந்தது என்று 2025-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்ததும் இத்தகைய கணக்குகளைத் திரட்டித்தான்.

நம் பக்கத்தில் ஏன் குறைந்தன? ஒரே காரணத்தைச் சொல்லிக் கையைத் தட்ட நமக்கு விருப்பமில்லை. வண்ணத்துப் பூச்சிக்கு வெயில் வேண்டும். அதே வெயில் மிஞ்சினால் புழு தின்னும் இலை வாடும். மழை வேண்டும், ஓயாத மழையில் அது பறக்காது. நாம் பார்க்கும் இறக்கை வாழ்வு பெரும்பாலும் சில வாரங்களே. முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப் புழுவாகவும் அது இருக்கும் காலத்தில், முன்னே நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே காணவில்லை என்பதால் அழிந்தது என்று ஒப்பாரி வைக்கவும் கூடாது. படைத்தவன் பார்த்துக் கொள்வான் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு போகவும் கூடாது. ஒட்டகத்தைக் கட்டி விட்டுத் தவக்குல் வை என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை பூச்சிக்கும் பொருந்தும்.

நிலத்தின் கதை நமக்குத் தெரிந்தது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் நாற்றுகளில் சில நமது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சிய மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு பள்ளத்தாக்கெங்கும் பால்மரமாயிற்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் துண்டாடல் வந்து தோட்டங்கள் சிதறின. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த வேதனையின் நடுவேதான். அதற்குப் பின் பல தோட்டங்கள் செம்பனையாயின, பல வீட்டுமனையாயின. கவனிப்பாரற்று நிற்கும் பழைய ரப்பர்க் காட்டில்தான், கீழே புதரும் கொடியும் அடர்ந்து, பூச்சிகளுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கிறது.

தோட்டத்தில் புல் மருந்து அடித்ததையும் மறக்க முடியாது. முதுகில் தோம்பைச் சுமந்து வரிசை வரிசையாக நடந்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். பாரக்குவாட் என்ற அந்த நஞ்சை மலேசியா 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தடை செய்தது. பூச்சிக்குப் பூ இல்லாமற் போனதைப் பேசும் வாய், அந்தப் பெண்களின் நகமும் கண்ணும் பட்ட பாட்டை முதலில் பேச வேண்டும். அந்த மருந்து தோட்டத்தோடு நிற்கவில்லை. நம் வீட்டு முற்றத்தில் சீமை நாயுருவியும் தொட்டாற்சுருங்கியும் தலை நீட்டினால், விருந்தாளி வரும் முன் மருந்து வாங்கி அடித்தவர்கள் நாமும்தான்.

இந்தச் சின்னஞ்சிறு ஜீவனுக்கு இத்தனை பேச்சா என்பீர்கள். கொசுவை உதாரணம் காட்ட வெட்கப்படாத வேதம் நம் வேதம். எறும்புக்கும் தேனீக்கும் சிலந்திக்கும் அதில் அத்தியாயப் பெயர் உண்டு. மறுமை நாளில் மனிதர் சிதறுவதற்கு உவமையாக அல் காரிஆ அத்தியாயம் எடுத்துக் காட்டுவது 'ஃபராஷ்'. அந்தச் சொல் விட்டிலுக்கும் வண்ணத்துப் பூச்சிக்கும் பொது. பெருமானார் (ஸல்) அவர்கள் தமது பணியைச் சொல்லப் புகுந்தபோதும் இதையே எடுத்தார்கள். நெருப்பு மூட்டிய ஒருவர், அதில் வந்து விழும் ஃபராஷுகளைத் தடுத்து விலக்க முயல்வதும், அவை மீறிக்கொண்டு விழுவதுமான காட்சி அது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். உவமையில்கூட அந்தக் கை பூச்சியைப் பிடித்துக் கொள்ளவில்லை, தீயிலிருந்து விலக்குகிறது.

படம் பிடிப்போர் உலகில் இதற்கு மாறான பழக்கம் ஒன்று உண்டு. பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, விறைத்து அசையாதிருக்கும்போது பூவின் மேல் உட்கார்த்திப் படம் எடுக்கிறார்கள். பஞ்ச ஆண்டில் இந்த ஆசை அதிகமாகும். கிடைத்த ஒன்றை விட மனம் வராது. பறவைக் குஞ்சுகளை எடுத்து வந்த தோழர்களிடம், தாய் பதறுவதைக் கண்ட நபிகளார் (ஸல்) அவற்றைத் திருப்பி விடச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் கைப்பிடி வலையைக்கூட எடுத்துப் போவதில்லை. நிழல் பூச்சியின் மேல் விழாதபடி சூரியனைப் பார்த்து நிற்பார்கள், முழங்காலில் ஊர்ந்து போவார்கள், மூச்சை அடக்குவார்கள், அது பறந்து விட்டால் "போ" என்று விட்டு விடுவார்கள். ஸபுர் பற்றி நாம் செய்த பிரசங்கங்களைவிட அந்த ஊர்தல் நமக்கு அதிகம் கற்பித்தது.

கோப்பேங்கிலிருந்து உள்ளே போனால் மலையடிவாரத்தில் உலு கெரோ என்ற செமாய் மக்களின் ஊர் இருக்கிறது. ராஜா புரூக் என்ற அந்தப் பெரும் பூச்சி அங்கேதான் நமக்குத் தரிசனம் தந்தது. கறுப்பு இறக்கை, அதில் பச்சைப் பற்களை வரிசையாக அடுக்கியது போன்ற பட்டை, கழுத்தில் சிவப்பு, விரித்தால் ஒரு சாண் அளவு வரும். சரவாக்கில் இதைக் கண்டு 1855-ல் பெயரிட்டவர் வாலஸ். வெந்நீர் ஊற்றும் உப்புச் சேறும் உள்ள இடத்தில் ஆண் பூச்சிகள் இறங்கி உறிஞ்சும். பெண் பூச்சி மர உச்சியிலேயே இருந்து விடுவதால், ஊற்றண்டையில் காண்பது அரிது. அதன் புழு தின்பது நம் நாட்டு மருத்துவர் அறிந்த ஆடுதீண்டாப்பாளை இனத்துக் கொடிகளை. முன்பு அந்தச் செமாய் மக்கள் இந்தப் பூச்சியைப் பிடித்து வியாபாரிகளுக்கு விற்றார்கள். கேமரன் மலைச் சாலையோரம் கண்ணாடிப் பெட்டியில் குத்தி விற்ற காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று அதே மக்கள் வழிகாட்டிகளாக நின்று, பார்க்க வருவோரை அழைத்துப் போகிறார்கள். கழிந்த ஆண்டு நாம் போனபோது ஊற்றண்டையில் ஒன்றும் இல்லை. கூட வந்த செமாய்ச் சகோதரர் மன்னிப்புக் கேட்பவர் போல நின்றார். "நீங்கள் என்ன செய்வீர்கள், உங்கள் சட்டைப் பையிலா இருக்கிறது?" என்று சொல்லி நாம் தேநீரைப் பகிர்ந்து கொண்டோம். அன்றைய தேதியும் "ஒன்றுமில்லை" வரிசையில் சேர்ந்தது.

அதற்கடுத்த வாரம் பத்து காஜாப் பக்கம் பழைய லயம் ஒன்றின் வழியே திரும்பிக் கொண்டிருந்தோம். பத்து வீடுகள் இருந்த லயத்தில் இன்று இரண்டில்தான் அடுப்பு எரிகிறது. அதில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா, நம் கழுத்துக் காமிராவைப் பார்த்து விட்டு, "என்ன பாய், பூச்சியா தேடுறீங்க? இங்க வந்து பாருங்க, என் கறிவேப்பிலையை மொட்டையடிச்சிட்டுக் கிடக்கு" என்றார்.

போய்ப் பார்த்தோம். செடியில் பாதி இலை இல்லை. பச்சைப் புழுக்கள், சில இன்னும் இளசு, காக்கை எச்சம் போலத் திட்டுத் திட்டாக. தமிழ்நாட்டில் கறிவேப்பிலை அழகி என்று பெயரிட்டிருக்கும் இனமாக இருக்கலாம். எலுமிச்சை அழகியாகவும் இருக்கலாம். புழுவாக இருக்கும்போது நமக்கு வேறுபாடு பிடிபடவில்லை. "மண்ணெண்ணெய் ஊத்தலாம்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. தேதி கேட்டு நம்மைத் திகைக்க வைத்த அந்தப் பிள்ளை அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "வேண்டாம் பாட்டி, இது இறக்கை முளைச்சுப் பறக்கும், வர்ற ஞாயிறு வந்து காட்டுறேன்" என்றான். அவர் செடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சரி, தின்னுட்டுப் போகட்டும். மழை பேஞ்சா துளிர்க்காமலா போகும்?" என்றார்.

பிள்ளை நோட்டை எடுத்தான். மணி பத்தே முக்கால். நாம் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். அவன் எழுதியது இது: "பறந்தது: ஒன்றுமில்லை. கறிவேப்பிலையில் புழு ஏழு. தண்டில் நூல் கட்டிய கூடு ஒன்று. படம் எடுக்கவில்லை, வெளிச்சம் போதாது."